பாறையும் பசுவும் மலரும்: அயர்லாந்தின் கிளேர் நாடு

அயர்லாந்துத் தீவின் மேற்குக் கரையில், வடக்கே கால்வே வளைகுடாவும், மேற்கே அட்லாண்டிக் மகாசமுத்திரமும், கிழக்கிலும் தெற்கிலும் அத்தீவின் மிக நீண்ட நதியாகிய ஷானனும் எல்லை வகுக்க, ஒரு தீபகற்பம் என்றே சொல்லத்தக்க அமைப்போடு கிடக்கிறது கிளேர் என்னும் மாவட்டம். அந்நாட்டார் இத்தகைய பிரிவைக் கவுண்டி என்று வழங்குவர். பரப்பு சுமார் 3,400 சதுர கிலோமீட்டர்; 2022 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஜனத்தொகை 1,27,938. தலைமைப் பட்டணமாகிய என்னிஸில் 28,000 பேர்கூட இல்லை. வானளாவிய மாளிகைகளோ, ராஜதானி நகரங்களுக்குரிய ஆடம்பரமோ இல்லாத இந்த நாட்டுப்புறப் பிரதேசத்தைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதப் புகுவதற்கு ஒரே காரணம் உண்டு. இயற்கை என்று நாம் வியந்து பார்ப்பதும் சரித்திரம் என்று நாம் படித்து அறிவதும் ஒன்றையொன்று ஆக்கிக்கொண்டவை என்பதை, ஏட்டுக்கு வெளியே, கண்முன் கிடக்கும் கல்லிலும் புல்லிலும் காட்டக்கூடிய இடங்கள் உலகில் சிலவே. கிளேர் அவற்றுள் ஒன்று.

மாவட்டத்தின் வடபகுதிக்குப் பர்ரன் என்று பெயர். முதன்முதலாகக் காண்பவர் கண்ணுக்கு அது நம் இலக்கியம் கூறும் பாலையாகவே தோன்றும். மலைகள் உண்டு, ஆனால் அவற்றின்மேல் பெரும்பாலும் மண்ணைக் காணோம். அடியிலிருந்து முடிவரை படிக்கட்டுகளாக அடுக்கடுக்காய் எழும் சுண்ணாம்புப் பாறை, வெயில் பட்டால் வெளுத்தும் மழை நனைத்தால் கறுத்தும், நாழிகைக்கொரு நிறம் காட்டிக் கடற்கரை வரை இறங்கி வருகிறது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்தின்மீது படையெடுத்த ஆங்கிலேயத் தலைவர் கிராம்வெலின் படைத்தலைவர்களுள் ஒருவராக இவ்வழியே வந்த எட்மண்டு லட்லோ என்பவர், ஒரு மனிதனைக் கொல்வதற்கு வேண்டிய நீரோ மரமோ, கொன்றபின் புதைப்பதற்கு வேண்டிய மண்ணோ கிடைக்காத பூமி என்ற பொருள்பட இதைப் பற்றி எழுதிவைத்தார். அந்தக் கொடிய வாக்கியத்தை மேற்கோள் காட்டுவோர் பலர், அதை அடுத்து அவரே எழுதியதை விட்டுவிடுவது வருந்தத்தக்கது. இத்தனை வறண்ட இடத்திலும் கன்றுகாலிகள் கொழுத்திருக்கின்றன என்றும், பாறைகளுக்கு இடையில் முளைக்கும் புல் இனிமையும் போஷாக்கும் உடையது என்றும் அவர் குறித்திருக்கிறார். அழிக்க வந்தவன் கண்ணுக்கும் தப்பாத அந்த உண்மையில்தான் இந்த நாட்டின் மர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சுமார் முப்பத்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்று குளிர்காற்று வீசும் இந்த நிலம், பூமத்திய ரேகையை ஒட்டிய வெப்பமான ஆழமற்ற கடலின் அடித்தளமாக இருந்தது. பவளங்களும் சிப்பிகளும் கடல் அல்லிகள் எனப்படும் நுண்தண்டு உயிர்களும் மாண்டு, படிந்து, இறுகிச் சுண்ணாம்புப் பாறையாயின. குனிந்து நோக்கினால் அவற்றின் வடிவங்களை இன்றும் பாறையின் முகத்தில் காணலாம். பின்னர் வந்த பனியூழிக் காலங்களில், மலையளவு பனிக்கட்டி இதன்மீது நகர்ந்து, மேலே கிடந்தவற்றைத் துடைத்து, பாறையை மழித்து, போகிற போக்கில் எங்கிருந்தோ கொணர்ந்த பெருங்கற்களை அங்கங்கே வைத்துவிட்டுப் போயிற்று. அதன்பின் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து, பாறைத்தளம் முழுவதும் நீளவாட்டில் பிளவுகளை உண்டாக்கியது. மேலே ஓடவேண்டிய ஆறுகள் அந்தப் பிளவுகளின் வழியே பாதாளத்தில் இறங்கிவிட்டன. ஆகவே பர்ரனில் ஆற்றைப் பார்ப்பது அரிது, குகைகளுக்கோ குறைவில்லை. டூலின் என்னும் ஊருக்கு அருகே, 1952 இல் கண்டுபிடிக்கப்பட்ட குகையொன்றில், கூரையிலிருந்து 7 மீட்டருக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும் சுண்ணாம்பு விழுது, சொட்டுச் சொட்டாக நீர் எழுதிய யுகக்கணக்கு.

இவற்றுடன் ஓர் அற்புதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வந்து விழாமலும் ஆறாக வெளியேறாமலும், மழைக்காலத்தில் நிலத்தடியிலிருந்து நீர் பொங்கி ஏரியாகி, கோடையில் வந்த வழியே வடிந்து புல்வெளியாகிவிடும் நீர்நிலைகள் இங்கே பல உண்டு. டர்லோ என்பது அவற்றின் பெயர். குளிர்காலத்தில் அன்னங்கள் நீந்திய இடத்தில் கோடையில் மாடுகள் மேயும். நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை அறிய அளவுகோல் வேண்டியதில்லை. வேலிச் சுவர்களின் கற்களில் படர்ந்து நிற்கும் கரிய பாசியின் மேல்விளிம்பே அதைச் சொல்லிவிடும்.

இந்தப் பாலை, மே மாதம் வந்ததும் பூத்துக் குலுங்குகிறது என்பதுதான் தாவர சாஸ்திரிகளை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே இழுத்து வந்த ஆச்சரியம். அயர்லாந்தில் இயல்பாக வளரும் பூச்செடி இனங்களில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் இந்தச் சிறு பிரதேசத்தில் இருக்கின்றன; ஆர்க்கிடுகள் மட்டுமே இருபது வகைக்கு மேல். எண்ணிக்கையைவிடக் கூட்டுறவுதான் வியப்பு. ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த சாரல்களுக்கு உரிய வசந்த ஜென்ஷியன் என்னும் ஆழ்ந்த நீலமலர், இங்கே கடல்மட்டத்தை ஒட்டிய புல்தரையில் மலர்கிறது. துருவப் பிரதேசத்தின் குளிருக்குப் பழகிய டிரையாஸ் என்ற எட்டிதழ் வெண்மலர் அதன் பக்கத்தில் விரிகிறது. அதே பாறைக்கு நடுவே, மத்தியதரைக் கடற்கரையைத் தாயகமாக உடைய சிறு ஆர்க்கிடு ஒன்று தலைதூக்கி நிற்க, பிளவின் ஆழத்தில், வெப்ப நாடுகளில் ஈரச்சுவர்களில் படரும் மென்மையான பெரணி நிழலுக்கு ஒதுங்கி வாழ்கிறது. பனியில் வாழ்வதும் வெயிலில் வாழ்வதும் ஒரே முழ நிலத்தில் குடித்தனம் செய்வதற்குக் காரணம் கேட்டால், அறிஞர் பலவற்றைச் சேர்த்துக் கூறுவர். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் இங்கே கடும் உறைபனி அரிது; சுண்ணாம்புப் பாறை கோடை வெயிலின் வெப்பத்தை உள்ளே சேமித்துக் குளிர்காலத்தில் மெல்ல வெளியிடுகிறது; மண் மெலிந்து கிடப்பதால் முரட்டுப் புற்கள் தழைத்துச் சிறு செடிகளை நெருக்குவதற்கு வழியில்லை; பிளவுகள் காற்றுக்கும் மிதிக்கும் புகலிடம் தருகின்றன. இவையெல்லாம் சரி, ஆனால் இவற்றை மட்டும் நம்பியிருந்தால் அந்த மலர்வனம் எப்போதோ மறைந்திருக்கும்.

எஞ்சிய காரணம் பசு. உலகத்தில் மலைநாட்டு ஆயர்கள் பெரும்பாலும் கோடையில் மாட்டை மேலே ஏற்றிக் குளிரில் கீழே இறக்குவார்கள். பர்ரன் விவசாயிகளோ தலைமுறை தலைமுறையாக இதற்கு நேர்மாறாகச் செய்து வந்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில், மற்ற இடங்களில் மாடுகள் கொட்டிலுக்குள் அடைபடும் பருவத்தில், இவர்கள் தங்கள் மாடுகளை மலைமேல் ஓட்டிச் செல்கிறார்கள். ஏப்ரல் மாதம் வரை அவை அங்கேயே மேயும். விண்டரேஜ் என்று இந்த மேய்ச்சலுக்குப் பெயர். கோடையில் வறண்டுவிடும் மலையில் குளிர்காலத்தில்தான் ஊற்றுநீர் கிடைக்கும். நீர் தேங்காத பாறைத்தளம் மாடு படுக்கக் காய்ந்திருக்கும். கல்லுக்குள் அடங்கிய வெப்பம் புல்லை முற்றிலும் வாடவிடாது. அந்தப் புல்லிலும் நீரிலும் உள்ள சுண்ணச்சத்து எலும்புக்கு வலிமை தரும். நீரின் பருவமும் கல்லின் குணமும் அறிந்தவர்கள் வகுத்த வழக்கம் இது. இதனால் விளைந்த பயன் அவர்கள் கருதாதது. கோடை முழுவதும் மாட்டின் வாய் படாததால் செடிகள் பூத்து விதை சிந்துகின்றன. குளிர்காலம் முழுவதும் காய்ந்த புல்லை மாடு தின்று தீர்ப்பதால், வசந்தம் வந்ததும் ஜென்ஷியனின் தாழ்ந்த தளிருக்கு வெளிச்சம் கிடைக்கிறது. காட்டுமலர் என்று பிரயாணிகள் புகைப்படம் எடுத்துச் செல்லும் அத்தனையும் ஓர் இடைக்குலத்தின் உழைப்பால் நிலைத்தவை.

இதற்குச் சாட்சி எதிர்மறையாகவும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழுத்த அந்நிய மாட்டினங்கள் வந்தன. சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப் புல்லைத் தொட்டியில் கொட்டி ஓரிடத்திலேயே மாட்டுக்குப் போடும் முறையும் வந்தது. தொட்டியடியில் நின்ற மாடு மலைமேல் மேயப் போகவில்லை. சாணமும் சேறும் ஒரே இடத்தில் குவிந்து ஊற்றுநீர் கெட்டது. மேயப்படாத புல்வெளிமேல் ஹேசல் புதர் படர்ந்து ஏறிற்று. இயற்கையைக் காப்பாற்ற வேண்டுமானால் விவசாயியை வெளியேற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் எதிர்பாராத முடிவு இது. 2005 இல் தொடங்கிய பர்ரன்லைஃப் என்னும் திட்டம், பிரெண்டன் டன்ஃபோர்டு என்ற ஆய்வாளரின் வழிகாட்டலில், விவசாயிகளையே துணையாகக் கொண்டு பழைய மேய்ச்சலை மீட்கும் வழிகளைச் சோதித்தது. பின்னர் அது விரிந்து, ஒவ்வொரு புல்வெளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, மலர்வளம் கூடக் கூட விவசாயிக்குப் பணமும் கூடும்படி ஏற்பாடு செய்தது. இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று விதிகளை அடுக்காமல், விளைவைக் காட்டு, கூலி வாங்கிக்கொள் என்று சொன்ன இந்த முறை, ஐரோப்பாவின் பிற நாடுகளும் வந்து கற்கும் முன்மாதிரியாயிற்று. நம் நாட்டில் வனங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் பற்றித் தீர்மானம் செய்கிறவர்கள் இதை ஒருமுறை கவனித்துப் படிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மனிதர் இங்கே வந்தது எப்போது? என்னிஸுக்கு அருகே ஒரு குகையில் 1903 ஆம் ஆண்டு தோண்டி எடுத்த எலும்புகள் பெட்டிகளில் கிடந்தன. அவற்றுள் ஒரு கரடியின் முழங்கால் சில்லில் கத்தி கீறிய தழும்புகள் இருந்ததை நவீன முறையில் ஆராய்ந்து, அது சுமார் 12,500 ஆண்டுகள் பழமையானது என்று 2016 இல் அறிவித்தார்கள். அயர்லாந்தில் மனித சஞ்சாரத்தின் தொடக்கம் அந்த ஒரு சில்லால் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பின்னுக்குப் போயிற்று.

அதற்கு நெடுங்காலம் பின்னர் வந்த முதல் உழவர்கள், பர்ரனில் அன்று இருந்த பைன் காடுகளை வெட்டத் தொடங்கினர். ஏரிச் சேற்றில் அடுக்கடுக்காய்ப் படிந்த மகரந்தம் அந்தக் காடுகளுக்குச் சாட்சி. மரம் போனபின் மண்ணும் பிளவுகளின் வழியே இறங்கிப் போயிற்று. பனிக்கட்டி தொடங்கியதை மனிதனின் கோடரி முடித்துவைத்தது. அந்த உழவர்கள் எழுப்பியதுதான் பூல்னப்ரோன் என்னுமிடத்தில் பாறைவெளியின் நடுவே நிற்கும் கற்பதுக்கை. செங்குத்தாக நிறுத்திய கற்களின்மேல் சாய்வாக ஒரு பெரும்பலகைக்கல். நம் நாட்டுப் பெருங்கற்காலச் சின்னங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோற்றம் அந்நியமாக இராது. 1985 இல் அதன் தாங்குகல் ஒன்றில் வெடிப்பு கண்டு, பழுதுபார்க்கும் முன் அடுத்த ஆண்டு ஆன் லின்ச் என்ற அகழ்வாய்வாளர் உள்ளே தோண்டியபோது, முப்பத்து மூன்று பேருக்குக் குறையாதவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. சுமார் 5,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அறுநூறு ஆண்டுகள் வரை அந்த இடம் மயானமாகப் பயன்பட்டிருக்கிறது. பெரும்பாலோர் முப்பது வயதைக்கூடக் காணவில்லை; சுமை தூக்கித் தேய்ந்த தோளும் கழுத்தும்; ஒருவருடைய இடுப்பெலும்பில் கல் அம்புமுனை தைத்தபடியே இருந்தது. ராஜாக்களின் வம்சாவளியைவிட இந்தத் தேய்ந்த தோளெலும்புகள் எனக்கு அதிகம் பேசுகின்றன.

வம்சாவளியும் இல்லாமல் இல்லை. ஷானன் கரையில் கில்லலோ என்னும் ஊரை ஒட்டிப் பிறந்து, 1002 இல் அயர்லாந்து முழுவதற்கும் அதிராஜன் என்ற பட்டம் பெற்று, 1014 இல் கிளான்டார்ஃப் போர்க்களத்தில் உயிர் துறந்த பிரையன் போரு இந்த மண்ணின் மைந்தன். அவன் சந்ததியாரான ஓ’பிரையன் குலத்தார், நார்மன் பிரபுக்கள் தீவின் பெரும்பகுதியை விழுங்கியபோதும் பணியாமல் இருந்து, 1318 இல் டைசர்ட் ஓ’டே என்னுமிடத்தில் ரிச்சர்டு டி கிளேர் என்பவனை அவன் படையோடு வீழ்த்தினர். அந்த ஒரு நாள் வெற்றியால் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே அயர்லாந்தாரின் சொந்த மொழியும் சொந்த நியாய சாஸ்திரமும் அரசோச்சின. பர்ரனின் நடுவே காஹர்மக்னாட்டன் என்ற வட்டக் கற்கோட்டைக்குள், ஓ’டேவொரன் குடும்பத்தார் பதினாறாம் நூற்றாண்டிலும் மாணாக்கர்களுக்குப் பிரீஹன் எனப்படும் அந்தச் சட்டத்தைக் கற்பித்து, ஏடுகளைப் பெயர்த்தெழுதி வந்தனர். சுற்றிலும் கல், நடுவே ஒரு குருகுலம். வடக்கே கோர்கம்ரோவில், 1200 ஆம் ஆண்டை ஒட்டிச் சிஸ்டெர்சியத் துறவிகள் எழுப்பிய மடாலயத்தின் தூண் தலைப்புகளில், ஊரில் வளரும் செடிகளின் இலையும் மலரும் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்தச் சிற்பிகள் தம் காலடியில் பூத்ததை எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இனி எழுதுவது துயரம். ஆனால் கிளேரைப் புகழ்கிறவர்கள் இதைத் தாண்டிப் போவது தர்மமாகாது. 1841 இல் இம்மாவட்டத்தின் ஜனத்தொகை 2,86,000. அதாவது இன்றுள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உருளைக்கிழங்கு ஒன்றையே உண்டு, பிரபுவின் நிலத்தில் குடிசை போட்டு, வாரம் கொடுத்து வாழ்ந்த ஏழைகள் அவர்கள். 1845 முதல் கிழங்கில் நோய் விழுந்தது. பசியால் மடிந்தவர் ஒருபுறமிருக்க, வாடகை செலுத்த முடியாதவர்களின் கூரையைப் பிரித்து, சுவரை இடித்து, மழையில் நிறுத்திய கொடுமை தென்மேற்கே கில்ரஷ் பகுதியில் உச்சத்தை எட்டியது. 1847 முதல் 1850 வரையிலான குறுகிய காலத்தில் அங்கே சுமார் 20,000 பேர் வீடிழந்தனர். ஏழைநிவாரணச் சட்டத்தின் மேற்பார்வையாளராக அனுப்பப்பட்ட காப்டன் ஆர்தர் கென்னடி என்ற அதிகாரி, வீடிடிபட்ட குடும்பங்களின் கணக்கை ஊர் ஊராகத் தொகுத்து மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நிலப்பிரபுக்கள் அவரைப் பகைத்தார்கள். ஆனாலும் அந்த அறிக்கைகளை மறைக்க முடியாமல், 1850 இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டே கில்ரஷ் விவகாரத்தை விசாரிக்க ஒரு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. கென்னடியின் சிறுமகள் ஏழைகளுக்கு உடை வழங்கும் சித்திரமொன்று அக்கால லண்டன் பத்திரிகையில் வெளிவந்து பலர் மனத்தை உருக்கியது. பிற்காலத்தில் கென்னடி ஹாங்காங்கின் கவர்னராகி, அந்நகரின் ஒரு பகுதிக்குத் தம் பெயரையும் கொடுத்தார். ஆயினும் அவருடைய உண்மையான புகழ் கில்ரஷில் எழுதிய கணக்கேடுகளில் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தின் கதையைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு, அதிகாரத்துக்குள்ளிருந்தே உண்மையை எழுதிய ஓர் உத்தியோகஸ்தரின் மதிப்பு தெரியும். பஞ்சம் நீங்கிய பின்னும் கப்பலேற்றம் நிற்கவில்லை. 1960களில் கிளேரின் ஜனத்தொகை 73,000 அளவுக்கு இறங்கிவிட்டது.

இத்தனை நலிந்த ஜனங்கள் அரசியலில் காட்டிய தைரியம் அசாதாரணமானது. 1828 இல், கத்தோலிக்கர் பார்லிமெண்டில் அமர முடியாது என்ற தடையை மீறி டேனியல் ஓ’கானலைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் கிளேரின் சிறு குடியானவர்கள்; நிலப்பிரபுவின் கண்ணெதிரே அவருக்கு விரோதமாக வாய்விட்டு வாக்களித்தார்கள், ஏனெனில் ரகசிய வாக்குமுறை அன்று இல்லை. மறுவருஷமே தடை நீங்கியது. அதே வேளையில் வாக்குரிமைக்கு வேண்டிய சொத்துவரம்பு உயர்த்தப்பட்டு, வென்று கொடுத்த அந்தக் குடியானவர்கள் தங்கள் வாக்கையே இழந்தனர். 1880 இல் பார்னெல் என்னும் தலைவர், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை அடிக்காமல், சபிக்காமல், ஊரார் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று உபதேசித்தது என்னிஸ் நகரக் கூட்டத்தில்தான். பகிஷ்காரம் என்னும் ஆயுதம் நம் சுதந்திரப் போரில் எவ்வளவு பயன்பட்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1917 இல் சிறையிலிருந்து வெளிவந்த விடுதலைப் போராட்டத் தலைவர் டி வலேராவைத் தேர்ந்தெடுத்த தொகுதி கிழக்குக் கிளேர். 1959 இல் அவர் ஜனாதிபதியாகும் வரை கிளேர் அவரைக் கைவிடவில்லை. அவர் முன்னின்று ஆக்கிய 1937 ஆம் ஆண்டு அயர்லாந்து அரசியலமைப்பிலிருந்துதான் நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகள் முன்மாதிரி பெற்றன. அவ்வகையில் கிளேர் வாக்காளருக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு.

மேற்குக் கரைக்குப் போவோம். மோஹர் என்னும் செங்குத்துப் பாறைகளைக் காணத்தான் பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் வருஷந்தோறும் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். கடலுக்கு நேர்மேலே 214 மீட்டர் வரை எழுந்து, சுமார் 8 கிலோமீட்டர் தூரம் மதில்போல் நீளும் அந்தப் பாறைகள், பர்ரனைப்போல் சுண்ணாம்பால் ஆனவை அல்ல. சுமார் முப்பத்திரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராறு கடலில் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும் இறுகிய அடுக்குகள். அவற்றின் விளிம்புத் திண்ணைகளில் கோடைதோறும் கில்லமாட், கிட்டிவேக், பஃபின் முதலிய கடற்பறவைகள் ஆயிரமாயிரமாகக் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. உச்சியில் நிற்கும் வட்டக் கோபுரம், பிரயாணிகள் நின்று பார்ப்பதற்கென்றே 1835 இல் கார்னீலியஸ் ஓ’பிரையன் என்ற நிலக்கிழார் கட்டியது. அக்கம்பக்கத்து லிஸ்கேனர் கிராமத்தில் வெட்டியெடுக்கும் பலகைக்கற்களில், ஆதிகாலப் புழுவோ பிராணியோ சேற்றில் ஊர்ந்த தடங்கள் கோலமிட்டதுபோல் பதிந்திருக்கும்; அக்கற்களே அங்கு வீட்டுத் தரையும் வேலியும். அந்த லிஸ்கேனரில் கடற்கரைக் காவலர் ஒருவரின் மகனாக 1841 இல் பிறந்து, பள்ளி உபாத்தியாயராக வேலை செய்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜான் பிலிப் ஹாலண்டு, 1900 இல் அமெரிக்கக் கடற்படை முறைப்படி பணியில் சேர்த்த முதல் நீர்மூழ்கிக் கப்பலை உருவாக்கினார்.

தெற்கே ஷானன் கழிமுகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட டால்பின்கள் நிரந்தரமாக வசிக்கின்றன. அதன் நடுவே ஸ்காட்டரித் தீவில், ஆறாம் நூற்றாண்டில் செனன் என்ற முனிவர் நிறுவிய மடத்தைச் சார்ந்து எழுந்த வட்டக் கோபுரமும் பாழடைந்த ஆலயங்களும் உண்டு; கப்பல்களுக்கு வழிகாட்டிப் பிழைத்த அத்தீவுக் குடும்பங்களில் கடைசியாக இருந்தவர்களும் 1978 இல் கரையேறிவிட்டனர்.

கிளேரின் சங்கீதத்துக்கு ஒரு தனிக்கட்டுரை வேண்டும். இங்கே சில வார்த்தைகள் மட்டும். வறுமையில் வாழ்ந்த இந்த ஜனங்கள், மலிவாகக் கிடைத்த கான்செர்ட்டினா என்ற சிறு துருத்திப் பெட்டியைச் சமையலறை வாத்தியமாக்கி, பெண்களும் முதியோரும் வாசிக்க, இரவு முழுவதும் வீட்டுக்குள்ளேயே நடனமாடி வந்தனர். அனுமதியின்றிப் பொது நடனம் கூடாது என்று 1935 இல் வந்த சட்டம் அந்த வீட்டுக்கூட்டங்களைப் பெரிதும் ஒடுக்கியது. ஆயினும் 1909 இல் தொடங்கிய கில்ஃபெனோரா ஊர்க் குழு இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது. முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இல்லன் குழலில் வித்வானாக விளங்கிய வில்லி கிளான்ஸி 1973 இல் காலமானார். அதே ஆண்டு கோடையில் அவர் சொந்த ஊராகிய மில்டவுன் மால்பேயில் தொடங்கிய வாத்தியப் பள்ளி, ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் உலகின் பல பாகங்களிலிருந்தும் மாணாக்கரை அந்தச் சிற்றூருக்கு வரவழைக்கிறது. ஆசிரியர் வாசிக்க, மாணாக்கர் செவிவழியே வாங்கிக்கொள்ளும் நம் குருமுறையை அங்கே காணலாம்.

நவீன காலமும் கிளேரை ஒதுக்கிவிடவில்லை. சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளுக்குள், வறிய அந்தப் புதிய அரசு துணிந்து ஷானன் நதியைத் திருப்பி ஆர்ட்னக்ருஷாவில் கட்டிய நீர்மின் நிலையம் 1929 இல் இயங்கத் தொடங்கியது. ஷானன் விமான நிலையத்தில் 1947 இல் பிரெண்டன் ஓ’ரீகன் தொடங்கியதுதான் விமான நிலையங்களில் உலகின் முதல் தீர்வையற்ற கடை. 1959 இல் அதை ஒட்டி ஏற்பட்ட தீர்வையற்ற தொழிற்பேட்டையின் வழித்தோன்றல்களாகவே உலகெங்கும் ஏற்றுமதி மண்டலங்கள் எழுந்தன. 1984 இல் நம் தாம்பரத்தில் அமைந்த மண்டலமும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே.

பர்ரனைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். முல்லாமோர் என்ற மலையில், அப்பளத்தை மடித்ததுபோல் பாறை அடுக்குகள் வளைந்து கிடக்கும். அதன் அடிவாரத்தில் பெரிய பிரயாணிகள் மாளிகை ஒன்றைக் கட்ட அரசாங்கம் 1990களின் தொடக்கத்தில் முனைந்தபோது, வேலை கிடைக்கும் என்று ஆதரித்தவர்களும், மலை கெடும் என்று எதிர்த்தவர்களுமாக ஊரே இரண்டுபட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. பத்தாண்டுச் சச்சரவுக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டு, எழுப்பிய கட்டுமானமும் அகற்றப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். வேலை வேண்டும் என்றவர்களின் தேவையும் பொய்யல்ல, அதை நிறைவேற்ற மலையின் மார்பில் கட்டடம் எழுப்புவதுதான் வழி என்பதே தவறு.

ஆகவே அயர்லாந்துக்குப் போகும் வாய்ப்புள்ள வாசகர்களுக்கு, முக்கியமாக அங்கே வேலையிலும் படிப்பிலும் இருக்கும் நம் இளைஞர்களுக்கு, ஒரு வேண்டுகோள். டப்ளினிலிருந்து காலையில் பஸ் ஏறி, மோஹர் விளிம்பில் ஒருமணி நேரம் நின்று, இரவுக்குள் திரும்பிவிடும் பிரயாணத்தால் ஊருக்கும் பயனில்லை, போகிறவருக்கும் பயனில்லை. மே மாதத்தில் போங்கள். கோரஃபின், பாலிவான், கில்ஃபெனோரா போன்ற சிற்றூர்களில் இரண்டு மூன்று இரவுகள் தங்குங்கள். பர்ரனைக் காலால் நடந்து பாருங்கள். அக்டோபர் கடைசியில் போகமுடிந்தால், மாடுகளை மலைக்கு ஓட்டும் நாளில் ஊராரோடு கூடவே நடக்கலாம், அதற்கென்று ஒரு விழாவே நடத்துகிறார்கள். பூவைப் பறிக்க வேண்டாம். பாறைத்தளத்துக் கல்லைப் பெயர்த்துச் சிறு கோபுரங்களாக அடுக்கும் புதுப்பழக்கத்தையும் மேற்கொள்ள வேண்டாம், அந்தக் கல்லின் நிழலில்தான் ஒரு செடி வேரூன்றியிருக்கும். திறந்த வாயிற்கதவை மறவாமல் மூடிவிட்டு வாருங்கள். உள்ளே ஒருவருடைய மாடு மேய்கிறது.